இடுப்பில் துப்பாக்கி: காவலா? கண்டமா?

"இடுப்பில் ஒரு சின்னத் துப்பாக்கி இருந்தால் போதும். எந்தத் திருடனும் கிட்டே வர மாட்டான்!"

இப்படி நினைக்கிறவர்கள் பலர்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பணம் புழங்கும் தொழில்கள் நிறைய இருக்கின்றன. பெரம்பலூர் பக்கம் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல், சிமெண்டு, முந்திரி. இவை தவிர கல் குவாரி, லாரி, நகைக்கடை, அடகுக்கடை.

இந்தத் தொழில்களில் இருப்பவர்கள் பணத்தோடும் நகையோடும் போக வேண்டி இருக்கிறது. இருட்டிய பிறகு தனி வழியில் வீடு திரும்ப வேண்டி இருக்கிறது. "ஒரு கைத்துப்பாக்கி வாங்கினால் என்ன?" என்ற எண்ணம் அப்போது வருகிறது.

வாங்கலாமா? யாருக்குக் கிடைக்கும்? எதை வாங்குவது? வாங்கினால் உயிருக்குக் காவல் உண்டா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கலெக்டர் கையில்!

கடைக்குப் போய்ப் பணத்தைக் கொடுத்துத் துப்பாக்கி வாங்க முடியாது. முதலில் லைசென்சு வேண்டும்.

இந்தியாவில் துப்பாக்கிக்கு லைசென்சு வேண்டும் என்பது வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். 1878ஆம் ஆண்டு, லிட்டன் பிரபு வைசிராயாக இருந்தபோது அது வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1959ஆம் ஆண்டில் புதிய ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டது. அந்தச் சட்டம்தான், சில திருத்தங்களோடு, இன்றும் நடப்பில் இருக்கிறது. அதற்கான புதிய விதிகள் 2016ஆம் ஆண்டு வந்தன.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் லைசென்சு கொடுக்கும் அதிகாரம் அந்தந்த மாவட்டக் கலெக்டருக்கு உண்டு. சென்னை போன்ற பெரிய நகரங்களில் போலீஸ் கமிஷனர் கொடுப்பார்.

மனுப் போடுகிறவருக்கு 21 வயது நிரம்பி இருக்க வேண்டும். மனநிலை சரியாக இருக்க வேண்டும். துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். வீட்டில் அதைப் பூட்டி வைக்க வசதி இருக்க வேண்டும்.

மனு வந்ததும் போலீசார் விசாரிப்பார்கள். மனுதாரர் எப்படிப்பட்டவர்? அவர் மேல் வழக்கு உண்டா? உண்மையிலேயே அவர் உயிருக்கு ஆபத்து இருக்கிறதா? இதை எல்லாம் விசாரித்து, கலெக்டருக்கு எழுதுவார்கள்.

"எனக்குச் சொத்து இருக்கிறது, அதனால் துப்பாக்கி வேண்டும்" என்று சொன்னால் மட்டும் போதாது. தொழிலாலோ வேறு காரணத்தாலோ உயிருக்கும் உடைமைக்கும் உண்மையான ஆபத்து இருப்பதைக் காட்ட வேண்டும்.

அதே நேரத்தில், "உனக்குச் சொத்து இல்லை" என்ற ஒரே காரணத்துக்காக லைசென்சை மறுக்கவும் கூடாது. சட்டம் அப்படிச் சொல்கிறது. மறுத்தால், மேலே அப்பீல் செய்யலாம்.

லைசென்சு கிடைத்தால், 5 ஆண்டுக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். ஒருவர் 2 துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. முன்பு 3 வைத்துக் கொள்ளலாம் என்று இருந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 2 ஆகக் குறைத்தது.

எந்தத் துப்பாக்கி?

சினிமாவில் வரும் துப்பாக்கியை எல்லாம் வாங்க முடியாது.

போலீசாரும் ராணுவத்தாரும் பயன்படுத்தும் 9 மில்லிமீட்டர் பிஸ்டல், 38 ரிவால்வர், 45 ரிவால்வர் போன்றவை பொது மக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகங்கள். அவற்றுக்குக் கலெக்டர் லைசென்சு கொடுக்க முடியாது. மத்திய சர்க்கார்தான் கொடுக்க வேண்டும். அது லேசில் கிடைக்காது.

பொது மக்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது "32" ரகம். அது என்ன 32? ஓர் அங்குலத்தை 100 பங்காக்கினால், அதில் சுமார் 32 பங்கு குண்டின் அகலம். அதுதான் கணக்கு. "22" ரகம் அதைவிடச் சின்னது.

வெளிநாட்டுத் துப்பாக்கிகளைப் பொது மக்கள் தாராளமாக இறக்குமதி செய்வது 1980களின் நடுவில் நிறுத்தப்பட்டது. அதனால் நாட்டில் உள்ள பழைய வெளிநாட்டுத் துப்பாக்கிகளுக்கு யானை விலை!

ஆகவே, பெரும்பாலோர் இந்திய ஆயுதத் தொழிற்சாலைகளில் செய்த துப்பாக்கியைத்தான் வாங்குகிறார்கள். கான்பூரில் செய்யும் 32 ரிவால்வர் அவற்றில் ஒன்று. எடை சுமார் 700 கிராம். 6 தோட்டாக்கள் போடலாம்.

பெரம்பலூருக்குப் பக்கத்தில் திருச்சியிலும் ஒரு துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. 1966ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. ஆனால், ராணுவத்துக்கும் போலீசுக்கும் வேண்டிய பெரிய துப்பாக்கிகள்தான் அதன் முக்கிய வேலை.

பெண்களுக்கு ஒரு துப்பாக்கி!

2012ஆம் ஆண்டு டிசம்பரில் டெல்லியில் ஒரு மாணவி ஓடும் பஸ்ஸில் கொடுமைக்கு ஆளாகி உயிர் இழந்தார். நாடே கொதித்தது. "நிர்பயா" (அச்சம் அற்றவள்) என்று மக்கள் அவருக்குப் பெயர் சூட்டினார்கள்.

2014ஆம் ஆண்டு ஜனவரியில், கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை பெண்களுக்காக ஒரு ரிவால்வரை வெளியிட்டது. பெயர் "நிர்பீக்". அதற்கும் அச்சம் அற்றது என்றே பொருள்.

அதுவும் 32 ரகம்தான். எடை சுமார் அரைக் கிலோ. வந்தபோது விலை 1 லட்சத்து 22 ஆயிரம் ரூபாய்! நகைப் பெட்டி போன்ற அழகான பெட்டியில் வைத்து விற்றார்கள்.

பிறகு, மேற்கு வங்காளத்தில் இச்சாப்பூர் தொழிற்சாலை "நிடர்" என்ற 22 ரிவால்வரைச் செய்தது. எடை சுமார் 250 கிராம். விலை சுமார் 35 ஆயிரம் ரூபாய்.

இரவு வேலை முடிந்து வரும் ஏழைப் பெண் 1 லட்சத்து 22 ஆயிரம் ரூபாய்க்கு எங்கே போவாள்? பணம் இருந்தாலும் லைசென்சு உடனே கிடைக்குமா? அந்தத் துப்பாக்கி வந்தபோதே இந்தக் கேள்வி எழுந்தது. பஸ்ஸிலும் தெருவிலும் பாதுகாப்புக் கொடுக்க வேண்டியது சர்க்காரின் கடமை. அதைப் பெண்ணின் கைப்பையில் போட்டுவிட முடியாது என்று பலர் எடுத்துச் சொன்னார்கள்.

சின்னது நல்லதா?

துப்பாக்கி வாங்குகிறவர்களில் பலர், "சின்னதாக இருக்கட்டும். வெளியே தெரியாமல் இருக்கட்டும்" என்று கேட்கிறார்கள். சின்னது என்றால் சுலபம் என்று எண்ணம்!

உண்மை நேர் எதிர். சின்னத் துப்பாக்கியால் குறி பார்த்துச் சுடுவது கஷ்டம்.

காரணம் ஒன்று: துப்பாக்கி சுடும்போது பின்னால் உதைக்கும். எடை அதிகமாக இருந்தால் உதை குறையும். எடை குறைந்தால், அந்த உதை முழுவதும் கையில் ஏறும். கை தூக்கிக் கொள்ளும். அடுத்த குண்டு எங்கேயோ போகும்.

காரணம் இரண்டு: சின்னத் துப்பாக்கியில் பிடி சிறியது. எல்லா விரல்களும் பிடியில் அமராது.

காரணம் மூன்று: குறி பார்ப்பதற்குத் துப்பாக்கியின் முன்னும் பின்னும் இரண்டு அடையாளங்கள் உண்டு. அவற்றுக்கு நடுவே 20 சென்டிமீட்டர் தூரம் இருப்பதாக வைத்துக் கொள்வோம். கை நடுங்கி முன் அடையாளம் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டர் தூரத்தில் குண்டு 5 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். அந்த இரண்டு அடையாளங்களுக்கும் நடுவே 10 சென்டிமீட்டர்தான் இருந்தால், குண்டு 10 சென்டிமீட்டர் தள்ளிப் போகும்.

பயத்தில் நடுங்கும் கை ஒரு மில்லிமீட்டரோடு நிற்குமா?

ரிவால்வரா? பிஸ்டலா?

ரிவால்வரில் ஓர் உருளை இருக்கும். அதில் தோட்டாக்களைப் போட வேண்டும். விசையை இழுக்கும்போது உருளை சுற்றும். ஒரு தோட்டா வெடிக்காவிட்டால், மறுபடி விசையை இழுத்தால் அடுத்த தோட்டா வந்து நிற்கும். பழகுவது சுலபம். ஆனால், விசை கனமாக இருக்கும். தோட்டா தீர்ந்தால் மறுபடி நிரப்ப நேரம் ஆகும்.

பிஸ்டலில் தோட்டாக்கள் பிடிக்குள்ளே ஒரு கூட்டில் அடுக்கி இருக்கும். ஒரு தோட்டா வெடித்ததும் அடுத்தது தானாக ஏறிக்கொள்ளும். தட்டையாக இருப்பதால் மறைப்பது சுலபம்.

ஆனால், பிஸ்டலில் ஓர் ஆபத்து இருக்கிறது. தோட்டாக் கூட்டைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலியாகி விட்டது என்று நினைத்து விடுகிறார்கள். குழலில் ஏற்கனவே ஏறிய ஒரு தோட்டா அப்படியே இருக்கும்! "காலித் துப்பாக்கிதானே" என்று விசையைத் தொட்டால், உயிர் போய்விடும்.

எங்கே செருகுவது?

ஊர்ப் பெரியவர்கள் வேட்டி கட்டுகிறார்கள். வேட்டி மடிப்பில் பொடி டப்பாவைச் செருகலாம். அரைக் கிலோ இரும்பைச் செருகினால், வேட்டி நிற்குமா? மோட்டார் சைக்கிளில் போகும்போது பள்ளத்தில் ஒரு குலுக்கல். துப்பாக்கி ரோட்டில் கிடக்கும்!

பெண்கள் கைப்பையில் வைக்கலாம் என்பார்கள். வழிப்பறிக்காரன் முதலில் பறிப்பதே கைப்பையைத்தானே! பையோடு துப்பாக்கியும் அவன் கைக்குப் போய்விடும்.

இதற்குச் சட்டத்திலும் விதி இருக்கிறது. பொது இடத்தில் கைத்துப்பாக்கியை எடுத்துப் போனால், அதற்கென்று செய்த உறையிலோ பையிலோ வைத்திருக்க வேண்டும். அது முழுவதும் மூடி இருக்க வேண்டும். வைத்திருப்பவரின் பிடிக்குள் இருக்க வேண்டும். வெளியே எடுத்து மிரட்டுவது குற்றம்.

லைசென்சில் எந்த எல்லைக்குள் எடுத்துப் போகலாம் என்று எழுதி இருக்கும். அந்த எல்லையைத் தாண்டக் கூடாது.

யார் முந்துகிறார்?

இனி முக்கியமான கேள்வி. மறைத்து வைத்த துப்பாக்கி யாருக்கு உதவும்? தமிழ்நாட்டில் நடந்த இரண்டு பிரபல சம்பவங்களைப் பார்த்தால் இது விளங்கும்.

1911ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் தேதி. திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் துரை, மனைவியோடு ரெயிலில் போய்க் கொண்டிருந்தார். மணியாச்சி ஜங்ஷனில் ரெயில் நின்றது. வாஞ்சிநாதன் பெட்டியில் ஏறினார். பெல்ஜியம் நாட்டில் செய்த பிரவுனிங் பிஸ்டலால் சுட்டார். ஆஷ் இறந்தார். வாஞ்சிநாதனும் தம்மைத் தாமே சுட்டுக் கொண்டு உயிர் விட்டார்.

ஆஷ் துரை மாவட்டத்துக்கே கலெக்டர். போலீசும் அதிகாரமும் அவர் கையில். ஆனால், அந்த நிமிடத்தில் எதுவும் உதவவில்லை. முடிவு செய்துகொண்டு வந்தவர் முந்தி விட்டார்.

அடுத்து, 1967ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் தேதி. சென்னை ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். சுட்டவர் நடிகர் எம்.ஆர்.ராதா. எதிரி இல்லை, கூட நடித்தவர்! பேசிக்கொண்டு இருந்த இடத்தில் இது நடந்தது. குண்டு எம்.ஜி.ஆரின் கழுத்தில் பாய்ந்தது. ராதாவும் காயம் அடைந்தார். இருவரும் பிழைத்தார்கள். ஆனால், எம்.ஜி.ஆரின் குரல் கடைசி வரை பழையபடி ஆகவில்லை. ராதா சிறைக்குப் போனார்.

டெல்லியில் 1948ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் தேதி காந்தி அடிகளைச் சுட்டதும் ஒரு சின்ன பிஸ்டல்தான். இத்தாலியில் செய்த பெரட்டா. மூன்று குண்டுகள்.

இந்தச் சம்பவங்களுக்குக் காரணங்கள் வேறு வேறு. ஆனால், ஒரு விஷயம் எல்லாவற்றிலும் ஒன்று. மறைத்து வைத்த சின்னத் துப்பாக்கி, முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு வருகிறவனுக்கு உதவுகிறது. எதிர்பாராமல் மாட்டிக் கொள்கிறவருக்கு அதை எடுக்கவே நேரம் கிடைப்பதில்லை.

வழிப்பறிக்காரனும் முடிவு செய்துகொண்டுதான் வருகிறான். எந்த இடம், எந்த நேரம் என்று அவன் தீர்மானிக்கிறான். வியாபாரி சட்டையைத் தூக்கி, உறையைத் திறந்து, துப்பாக்கியை எடுத்துக் குறி பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

பொன்பரப்பியில் நடந்தது

முந்துகிறவனுக்கும் ஆயுதம் எப்போதும் உதவும் என்று சொல்ல முடியாது. அதற்கு அரியலூர் மாவட்டத்திலேயே ஒரு சம்பவம் இருக்கிறது.

1987ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி. பொன்பரப்பி ஊரில் பாங்கியில் பணம் எடுக்கத் தமிழரசனும் அவருடைய தோழர்களும் ஆயுதங்களோடு வந்தார்கள். அவர்கள் ஒரு தலைமறைவு இயக்கத்தைச் சேர்ந்தவர்கள். ஊர் மக்கள் அவர்களைக் கொள்ளைக்காரர்கள் என்று நினைத்துச் சூழ்ந்து கொண்டார்கள். தமிழரசனும் தோழர்களும் அடித்தே கொல்லப்பட்டார்கள்.

அந்தச் சம்பவத்தைப் பற்றி இன்றும் பல விதமாகப் பேசுகிறார்கள். ஒன்று மட்டும் நிச்சயம். கூட்டம் சூழ்ந்துவிட்டால், கையில் உள்ள ஆயுதம் உயிரைக் காப்பாற்றாது.

சுட்டால் என்ன ஆகும்?

"திருடனைச் சுட்டால் தப்பு இல்லை" என்று சொல்வார்கள். அது பாதி உண்மை.

தற்காப்பு உரிமை சட்டத்தில் உண்டு. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்தது. 2024ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதியில் இருந்து பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டத்தில் இருக்கிறது. 34ஆம் பிரிவில் இருந்து 44ஆம் பிரிவு வரை அதைப் பற்றியவை.

உயிருக்கு ஆபத்து வந்தால் தற்காத்துக் கொள்ளலாம். வழிப்பறி, இரவில் வீட்டை உடைத்து நுழைவது போன்ற பெரிய குற்றங்களிலும் இந்த உரிமை உண்டு. ஆனால், தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது.

பையைப் பறித்துக் கொண்டு ஒருவன் ஓடுகிறான். ஆபத்து நீங்கி விட்டது. அப்போது முதுகில் சுட்டால், அதைத் தற்காப்பு என்று நிரூபிப்பது மிகவும் கஷ்டம். அது தற்காப்பா, கொலையா என்று கோர்ட்டுதான் தீர்மானிக்கும். அதுவரை சுட்டவர் வக்கீல் வீட்டுக்கும் கோர்ட்டுக்கும் நடக்க வேண்டும்.

குண்டு திருடன் மேல்தான் படும் என்று நிச்சயமா? சந்தைக் கூட்டத்தில், பஸ் நிலையத்தில், குறி தவறிய குண்டு யார் மேலும் பாயலாம்.

லைசென்சு இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால், குறைந்தது 2 ஆண்டு, அதிகமாக 5 ஆண்டு சிறை. தடை செய்யப்பட்ட ரகம் என்றால் குறைந்தது 7 ஆண்டு! லைசென்சு இல்லாமல் துப்பாக்கி செய்தாலும் விற்றாலும் 7 ஆண்டில் இருந்து ஆயுள் தண்டனை வரை உண்டு. "வடக்கே இருந்து மலிவாகக் கிடைக்கிறது" என்று யாராவது ஆசை காட்டினால், அது நேரே ஜெயிலுக்குப் போகும் வழி.

கலியாண வீட்டிலும் திருவிழாவிலும் வானத்தை நோக்கிச் சுடுவதும் குற்றம். பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி சுட்டால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மேலே போன குண்டு கீழே வராமல் இருக்குமா?

வீட்டுக்குள் ஒரு வில்லங்கம்

திருடன் வருவது என்றோ ஒரு நாள். துப்பாக்கி வீட்டில் இருப்பது எல்லா நாளும்!

பீரோவில் வைத்தால், குழந்தைகளுக்குத் தெரியாது என்று பெற்றோர் நினைக்கிறார்கள். பீரோச் சாவி எங்கே இருக்கிறது என்று குழந்தைக்கு நன்றாகத் தெரியும். விளையாட்டுத் துப்பாக்கிக்கும் உண்மைத் துப்பாக்கிக்கும் உள்ள வேற்றுமைதான் அதற்குத் தெரியாது.

குடித்துவிட்டுச் சண்டை போடும் வீட்டில் துப்பாக்கி இருந்தால் என்ன ஆகும்? பாகப்பிரிவினைத் தகராறில் அண்ணன் தம்பி கைகலக்கும்போது துப்பாக்கி இருந்தால்? வெறும் கையாக இருந்தால் ஓர் அடியோடு போகும். மறுநாள் சமாதானம் ஆகலாம். குண்டு பாய்ந்த பிறகு சமாதானம் ஏது?

மனம் உடைந்தவர் உள்ள வீட்டில் துப்பாக்கி இருக்கவே கூடாது. அந்த இருண்ட நேரம் பெரும்பாலும் கடந்து போய்விடும். அதைக் கடக்க மனிதத் துணை வேண்டும். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் ஆறுதலும் யோசனையும் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். காசு கிடையாது.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. அமெரிக்காவின் கணக்கைப் பாருங்கள்.

அமெரிக்கா சொல்லும் பாடம்

அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பது குடிமக்களின் உரிமை. கடையில் விதவிதமான சின்னத் துப்பாக்கிகள் கிடைக்கின்றன. சட்டைக்குள் மறைத்துக் கொண்டு போகிறார்கள்.

நியூயார்க்கு மாநிலம் இதைக் கட்டுப்படுத்த 1911ஆம் ஆண்டில் ஒரு சட்டம் செய்தது. மணியாச்சியில் துப்பாக்கி வெடித்த அதே ஆண்டு! மறைத்து வைக்கும் துப்பாக்கிக்கு லைசென்சு வேண்டும் என்றது. அதை வெளியே எடுத்துப் போகத் தகுந்த காரணம் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் அந்த மாநிலத்தில் இருந்தது. 2022ஆம் ஆண்டு ஜூனில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, அந்த நிபந்தனை செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது.

அங்கே துப்பாக்கி காவலாக இருக்கிறதா? 2021ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48 ஆயிரத்து 830 பேர். அவர்களில் 26 ஆயிரத்து 328 பேர் தம்மைத் தாமே சுட்டுக் கொண்டவர்கள். பாதிக்கும் மேல்!

திருடனுக்கு என்று வாங்கிய துப்பாக்கி, வீட்டுக்காரர் உயிரைக் குடித்த கதை இது.

யாருக்கு வேண்டும்?

அப்படியானால் துப்பாக்கி யாருக்குமே வேண்டாமா? அப்படிச் சொல்ல முடியாது.

பாங்கிக் காவலர்கள் இருக்கிறார்கள். கொலை மிரட்டலுக்கு உண்மையில் ஆளானவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் சட்டம் வழி வைத்திருக்கிறது. அவர்கள் வாங்கட்டும். வாங்கினால், முறையாகப் பழக வேண்டும். ஒரு தடவை பயிற்சி எடுத்துவிட்டுப் பெட்டியில் போட்டால், ஆபத்து நேரத்தில் கை வராது.

துப்பாக்கி ஒரு தொல்லை பிடித்த சொத்து என்பதையும் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். காணாமல் போனால் உடனே போலீசில் சொல்ல வேண்டும். தேர்தல் வந்தால், போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கும்படி உத்தரவு வரும். ரசீது வாங்கிக் கொண்டு ஒப்படைக்க வேண்டும். தேர்தல் முடிந்த பிறகு திரும்பப் பெறலாம். லைசென்சுக்காரர் இறந்துவிட்டால், மகன் அதை எடுத்துப் பீரோவில் வைத்துக்கொள்ளக் கூடாது. தாமதம் இல்லாமல் போலீசிடமோ லைசென்சு பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். "அப்பாவின் ஞாபகம்" என்று வைத்திருந்தால் வழக்கு வரும்!

மற்றவர்களுக்கு வழி என்ன?

திருடனுக்கு வேண்டியது பணம். பணம் கையில் இல்லை என்றால், அவனுக்கு வேலை இல்லை. வியாபாரப் பணத்தைப் பாங்கிக் கணக்கு மூலமே அனுப்பலாம். இன்று பெட்டிக் கடையில்கூடச் செல்போனில் பணம் அனுப்புகிறார்கள்.

ரொக்கம் எடுத்துத்தான் போக வேண்டும் என்றால், தனியாகப் போக வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில், ஒரே வழியில் போக வேண்டாம். "இன்று இவ்வளவு வசூல்" என்று டீக்கடையில் பேச வேண்டாம்.

கிராமங்களில் பூட்டிய வீட்டில்தான் திருட்டுப் பயம் அதிகம். பூட்டிய வீட்டில் துப்பாக்கி இருந்தால் என்ன பயன்? அதையும் சேர்த்து எடுத்துக் கொண்டு போவான்! வெளியூர் போகிறவர்கள் போலீஸ் நிலையத்திலும் பக்கத்து வீட்டிலும் சொல்லிவிட்டுப் போகலாம். நகையைப் பாங்கி லாக்கரில் வைக்கலாம்.

ஆபத்து நேரத்தில் போலீசுக்கு 112. பெண்கள் உதவிக்கு 181. இந்த இரண்டு எண்களையும் வீட்டில் எல்லோரும் மனப்பாடம் செய்து வைக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

ஆறு கேள்விகள்

இவ்வளவுக்குப் பிறகும் துப்பாக்கி வேண்டும் என்று தோன்றினால், மனுப் போடும் முன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து இந்த ஆறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பார்க்கட்டும்.

1. உயிருக்கு உண்மையில் ஆபத்து இருக்கிறதா? இல்லை, ஊரில் கெத்துக் காட்டவா?

2. அடிக்கடி பயிற்சி செய்ய நேரமும் பணமும் இருக்கிறதா?

3. குழந்தைகள் கைக்கு எட்டாமல் இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்க முடியுமா? சாவி யாரிடம் இருக்கும்?

4. வீட்டில் குடிப்பழக்கம் உண்டா? முன்கோபம் உண்டா? மனக் கவலையில் இருப்பவர் உண்டா?

5. உறவுக்குள் நிலத்தகராறு, சொத்துத்தகராறு உண்டா?

6. ஒரு மனிதனைச் சுட்ட பிறகு வரும் வழக்கையும், மனத்தின் பாரத்தையும் தாங்க முடியுமா?

நாலாவது கேள்விக்கும் ஐந்தாவது கேள்விக்கும் "ஆம்" என்று பதில் வந்தால், அந்த வீட்டுக்குள் துப்பாக்கியை விடவே கூடாது. இந்தப் பதிலை வீட்டுக்காரர் மட்டும் சொன்னால் போதாது. மனைவியும் சொல்ல வேண்டும். வளர்ந்த பிள்ளைகளும் சொல்ல வேண்டும். துப்பாக்கி வருவது அவர்கள் இருக்கும் வீட்டுக்குத்தானே!